சின்ன மருது

சின்ன மருது (1753 – அக்டோபர் 24, 1801) சிவகங்கைச் சீமையை 1780 முதல் 1801 வரை தன் தமையனார் பெரிய மருதுவுடன் இணைந்து நிர்வகித்தவர். கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சியை எதிர்த்துப் போரிட்டுத் தூக்கிலிடப்பட்டவர். மருது பாண்டியன் என்ற பெயர் முதன்மையாக இவரையே குறித்தது. எனினும் இன்று சகோதரர் இருவரையும் சேர்த்து மருது பாண்டியர் என அழைப்பதே வழக்கம். நிர்வாகம், கடிதப் போக்குவரத்து, பிற பாளையங்களுடன் உறவு ஆகியவற்றைச் சின்ன மருது கவனித்தார். வளரி என்னும் எறிகருவியைக் கையாள்வதிலும் கற்பிப்பதிலும் வல்லவராக விளங்கினார். அவருடைய வாழ்க்கையை நேரில் கண்டு எழுதிய முதன்மையான சாட்சி, அவரிடமே வளரி வீசக் கற்று, பின்னர் அவருக்கு எதிரான படையில் பணியாற்றிய ஓர் ஆங்கில அதிகாரி என்பது குறிப்பிடத்தக்கது.

பிறப்பும் இளமையும்

இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ள நரிக்குடியை அடுத்த முக்குளம் என்னும் ஊரில் மருது சகோதரர்கள் பிறந்தனர். தந்தை மொக்கைப் பழநியப்பன் என்ற உடையார் சேர்வை. தாய் ஆனந்தாயி என்ற பொன்னாத்தாள். மூத்தவர் 1748 இலும் இளையவர் 1753 இலும் பிறந்ததாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. மூத்தவர் வெள்ளை மருது என்றும் அழைக்கப்பட்டார்.

இருவரும் இளமையிலேயே சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரின் பணியில் சேர்ந்தனர். அரண்மனை ஊழியராகத் தொடங்கிப் படைப்பொறுப்புக்கு உயர்ந்தனர். இக்காலத்து வாழ்க்கை பற்றி நாட்டார் பாடல்களும் கதைகளும் நிறைய உள்ளன. ஆவணச் சான்று குறைவு.

காளையார்கோயில், 1772

ஆற்காட்டு நவாபு முகம்மது அலி சிவகங்கையிடம் கப்பம் கேட்டு வந்தார். கப்பத் தகராறு போராக முற்றியது. 1772 ஜூன் 25 அன்று ஜோசப் சுமித், பான்சோர் ஆகியோர் தலைமையிலான கும்பினிப் படையும் நவாபின் படையும் காளையார்கோயிலைத் தாக்கின. முத்துவடுகநாதர் அப்போரில் கொல்லப்பட்டார். சிவகங்கை நவாபின் வசமாகி, உசேன் நகர் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

அரசி வேலு நாச்சியார் தன் மகள் வெள்ளச்சியுடன் திண்டுக்கல்லை அடுத்த விருப்பாட்சிப் பாளையத்தில் அடைக்கலம் புகுந்தார். பிரதானி தாண்டவராய பிள்ளையும் மருது சகோதரர்களும் உடன் சென்றனர். தாண்டவராய பிள்ளை அங்கேயே மறைந்தார். மைசூரின் ஐதர் அலி அளித்த படை உதவியோடு 1780 இல் சிவகங்கை மீட்கப்பட்டது. வேலு நாச்சியார் அரசியாகவும், மருது சகோதரர்கள் பிரதானியும் தளபதியுமாகவும் பொறுப்பேற்றனர். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் நாடிழந்து வாழ்ந்த அனுபவம், பின்னாளில் வேறொரு பாளையத்திலிருந்து தப்பி வந்தவருக்கு அடைக்கலம் தரும் கேள்வி எழுந்தபோது சின்ன மருதுவின் முடிவைப் பாதித்திருக்கும் எனக் கருத இடமுண்டு.

சிறுவயல் வாழ்க்கை

சின்ன மருது சிறுவயல் என்னும் ஊரைத் தம் இருப்பிடமாகக் கொண்டார். காரைக்குடிக்கும் காளையார்கோயிலுக்கும் இடைப்பட்ட வட்டாரத்தில் உள்ள இவ்வூர் இன்று அரண்மனைச் சிறுவயல் என வழங்குகிறது. மஞ்சுவிரட்டுக்குப் புகழ்பெற்ற சிராவயல் வேறு ஊராகும். பெயர் ஒற்றுமையால் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

அக்காலச் சிறுவயல் பற்றி அறிய உதவுபவர் சேம்சு வெல்சு. கும்பினிப் படையில் இளம் அதிகாரியாக 1790களில் மதுரைப் பகுதியில் பணியாற்றிய இவர், பிற்காலத்தில் தம் படை நினைவுகளை இரு தொகுதிகளாக 1830 இல் வெளியிட்டார். அவர் தரும் சித்திரத்தின்படி, பெரிய மருது அசாதாரண உயரமும் வலிமையும் உடையவர். ஆற்காட்டு வெள்ளி ரூபாயை விரல்களால் வளைக்கக் கூடியவர். நிர்வாகத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு வேட்டையிலும் துப்பாக்கி சுடுவதிலுமே பொழுதைக் கழித்தார். புலி வேட்டைக்குப் போகும் ஐரோப்பியர்கள் அவருடைய துணையை நாடினர். தம்பியோ கருநிற மேனியும் அழகிய தோற்றமும் இனிய பேச்சும் கொண்டவர். அவருடைய மாளிகை வாயிலில் காவலர் இல்லை. எவரும் உள்ளே போய்வரலாம். வெல்சு மதுரையில் இருந்தபோது சின்ன மருது அவருக்கு நல்ல அரிசியும் பழங்களும் அனுப்பி வைத்தார். அவற்றுள் தடித்த தோலும் மிகுந்த இனிப்பும் கொண்ட பெரிய ஆரஞ்சு ஒன்றை இந்தியாவில் வேறெங்கும் தாம் கண்டதில்லை என்று அவர் பதிவு செய்துள்ளார்.

எதிர்ப்படையில் இருந்தவர் எழுதிய குறிப்பு இது. ஆகவே புகழ்ச்சிக்காக எழுதப்பட்டது என இதனை எளிதில் ஒதுக்க முடியாது.

சகோதரர்கள் திருப்பணிகளிலும் ஈடுபட்டனர். காளையார்கோயிலின் பெரிய இராசகோபுரம் பெரிய மருதுவின் திருப்பணியாகும். காரைக்குடியை அடுத்த குன்றக்குடி சண்முகநாதர் கோயிலிலும் அவர்கள் பல பணிகள் செய்தனர்.

வளரி

வளரி பிறை வடிவில் வளைந்த எறிகருவி. வளைதடி என்றும் இது வழங்கப்பட்டது. வைரம் பாய்ந்த மரத்தாலும், சில வேளைகளில் இரும்பாலும், அரிதாகத் தந்தத்தாலும் செய்யப்பட்டது. ஒரு முனை கனமாகவும் மறுமுனை மெலிந்தும் இருக்கும். மெலிந்த முனையைப் பிடித்து, தோளுக்கு மேல் சிலமுறை சுழற்றி, இலக்கை நோக்கி வீசுவர். வீசியவரிடமே வளரி திரும்பி வரும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஆனால் இன்று அருங்காட்சியகங்களில் காணப்படும் கனமான வளரிகளுக்கு இது பொருந்தாது. அவை எறிந்த இடத்திலேயே விழுந்து கிடப்பவை. மான், முயல் வேட்டையிலும் போரிலும் இவை பயன்பட்டன.

வெல்சுக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதலில் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருது. தேர்ந்த கையிலிருந்து புறப்படும் வளரி நூறு கசத்துக்குள், அதாவது ஏறத்தாழ 90 மீட்டருக்குள், எந்த இலக்கையும் தவறாமல் தாக்கும் என்பது அவர் கணிப்பு. இந்தத் தொலைவின் முக்கியத்துவத்தை உணர, அக்காலத் துப்பாக்கிகளைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

துப்பாக்கியும் ஈயக்குண்டும்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாளையங்களில் புழங்கியவை பெரும்பாலும் திரித்துப்பாக்கிகள். வெடியுப்பில் ஊறவைத்து உலர்த்திய கயிற்றுத் திரி எப்போதும் கனன்றுகொண்டிருக்கும். விசையை இழுத்ததும் திரியின் முனை கிண்ணத்தில் உள்ள மருந்தைத் தொட்டுப் பற்றவைக்கும். மழையில் திரி அணைந்துவிடும். இருளில் அதன் செந்நிறப் பொறி சுடுபவரைக் காட்டிக் கொடுக்கும்.

குண்டுகளைக் கையாலேயே வார்த்தனர். ஈயம் 327 பாகை செல்சியசில் உருகிவிடும். ஆதலால் அதற்கு உலைக்கூடம் தேவையில்லை. கரி அடுப்பும் துருத்தியும் இரும்புக் கரண்டியும் போதும். இரு பாதிகளாகப் பிரியும் அச்சில் உருகிய ஈயத்தை ஊற்றி, ஆறியதும் அச்சைப் பிரித்து, ஊற்றுவாயில் நீட்டிக்கொண்டிருக்கும் காம்பை வெட்டி எடுப்பர். அச்சு குளிர்ந்திருந்தால் குண்டின் மேற்பரப்பில் சுருக்கம் விழும். ஈரம் பட்டிருந்தால் உருகிய ஈயம் தெறித்து முகத்தைச் சுடும். குண்டு உருண்டையாகவும் உள்ளே காற்றுக்குமிழ் இல்லாமலும் அமைந்தால்தான் நேராகச் செல்லும். வெடிமருந்தும் அவ்வாறே வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவற்றைக் கலந்து இடிக்கப்பட்டது. நல்ல மருந்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெடியுப்பாக இருக்கும். சுடும் ஒவ்வொரு முறையும் மருந்தை அளந்து கொட்டி, குண்டை இட்டு, கோலால் கெட்டிக்க வேண்டும். மருந்து கூடினால் குழல் பிளக்கும். குறைந்தால் குண்டு வலுவிழந்து விழும். அளவு கைப்பழக்கத்தில்தான் இருந்தது.

கும்பினிப் படையிடம் இருந்தவை சக்கிமுக்கித் துப்பாக்கிகள். பிரவுன் பெஸ் எனப்பட்ட இவற்றின் குழல் ஏறத்தாழ 19 மி.மீ. அகலமுடையது. குண்டோ ஏறத்தாழ 17.5 மி.மீ. மட்டுமே. சில முறை சுட்டதும் குழலில் கரி படியும் என்பதால், தொடர்ந்து விரைவாகக் கெட்டிப்பதற்காக இந்த இடைவெளி விடப்பட்டது. அளந்த மருந்தும் குண்டும் காகிதத்தில் சுற்றிய தோட்டாவாகவே சிப்பாய்க்கு வழங்கப்பட்டன. பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுடலாம். ஆனால் இடைவெளி காரணமாகக் குண்டு குழலில் அங்குமிங்கும் மோதி வெளியேறியதால் குறி தவறியது. நூறு மீட்டருக்கு அப்பால் தனி ஒருவரைக் குறிவைத்து வீழ்த்துவது தற்செயலே. வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுடுவதில்தான் அதன் பயன் இருந்தது.

ஆகவே குறியின் துல்லியத்தில், தேர்ந்த ஒருவரின் வளரிக்கும் சிப்பாயின் துப்பாக்கிக்கும் எட்டும் தொலைவு ஏறக்குறைய ஒன்றே. வளரிக்கு ஓசையில்லை, புகையில்லை. புதருக்குள் இருந்து வீசுபவரின் இடத்தை எதிரி அறிவது கடினம். துப்பாக்கியின் வெடியோசையும் வெண்புகையும் சுட்டவரை உடனே காட்டிவிடும். அடர்ந்த காட்டில் இந்த வேறுபாடு சிறிதன்று. ஆனால் வளரி வீசுபவரை உருவாக்கப் பல ஆண்டுகள் வேண்டும். சிப்பாயைச் சில மாதங்களில் பழக்கிவிடலாம். மரமும் இரும்பும் உள்ளூரில் கிடைத்தன. ஈயமோ பெரும்பாலும் கப்பலில் வரும் சரக்கு. அதை இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து விற்றவர்களுள் கும்பினியும் ஒன்று. நீண்ட போரில் வெல்வது யார் என்பதை வீரத்தைவிட இத்தகைய கணக்குகளே பெரிதும் தீர்மானித்தன.

இங்கே தொடர்புடைய மற்றொரு செய்தியையும் குறிப்பிடலாம். தென்னிந்தியாவில் சுங்குத்தான் எனப்படும் ஊதுகுழலால் பறவைகளை வேட்டையாடும் வழக்கம் இருந்தது. இப்பகுதியில் பணியாற்றிய 34 ஆம் படைப்பிரிவின் தலைவர் சான் நார்ட்டன், ஊதும்போது அம்பின் அடியில் இருந்த மென்மையான நெட்டி விரிந்து குழலை அடைத்துக்கொள்வதைக் கவனித்தார் என்றும், அதைக் கொண்டு அடியில் குழிவுள்ள கூம்பு வடிவ ஈயக்குண்டை 1823 இல் வடிவமைத்தார் என்றும் துப்பாக்கி வரலாற்று நூல்கள் கூறுகின்றன. எளிதில் உள்ளே நுழையும் சிறிய குண்டு, சுடும்போது விரிந்து குழலை இறுக அடைக்கும் என்பதே இதன் கருத்து. பிரவுன் பெஸ் துப்பாக்கியின் இடைவெளிச் சிக்கலுக்கு இதுவே தீர்வு. பிரான்சின் மினியே 1849 இல் இக்கருத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். சின்ன மருது மறைந்து இருபது ஆண்டுகளுக்குப் பிந்திய நிகழ்வு இது.

1801: அடைக்கலமும் அறிவிப்பும்

1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். 1801 பிப்ரவரி 2 அன்று சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பினார். மார்ச் இறுதியில் கும்பினிப் படையின் முதல் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. மே 24 அன்று கர்னல் அக்னியூவின் படை கோட்டையைக் கைப்பற்றியது. ஊமைத்துரை சிறுவயலுக்கு வந்து சேர்ந்தார்.

அவரை ஒப்படைத்திருந்தால் சிவகங்கை அப்போதைக்குத் தப்பியிருக்கலாம். சின்ன மருது ஒப்படைக்கவில்லை.

1801 ஜூன் 16 அன்று திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் நவாபின் அரண்மனை வாயிலிலும், திருவரங்கம் கோயில் மதிலிலும் சின்ன மருதுவின் பெயரில் அறிவிப்புகள் ஒட்டப்பட்டன. சம்புத் தீவில் வாழும் எல்லாச் சாதியினரையும் சமயத்தாரையும் விளித்து இது எழுதப்பட்டது. நவாபின் நம்பிக்கையை ஐரோப்பியர் வஞ்சித்து நாட்டைக் கைக்கொண்டதையும், மக்கள் வறுமையில் வீழ்ந்ததையும் இது எடுத்துரைத்து, படையில் பணிபுரியும் சிப்பாய்கள் உட்பட அனைவரும் ஆயுதம் ஏந்துமாறு அழைத்தது. ஒரு பாளையத்தின் எல்லையைத் தாண்டி நாடு முழுவதையும் நோக்கிப் பேசிய ஆவணம் என்ற வகையில் இது தனியிடம் பெறுகிறது. இதனை முதல் விடுதலைப் பிரகடனம் என அழைப்பதை எல்லா வரலாற்றாசிரியர்களும் ஏற்பதில்லை. ஆனால் அதன் வீச்சை மறுப்பவர் எவருமில்லை.

காட்டுப் போர்

சூலை இறுதியில் அக்னியூவின் படை ஒக்கூர் வழியாகச் சிறுவயலை நெருங்கியது. எதிரிக்குப் பயன்படக் கூடாது என மருது தரப்பினரே ஊருக்குத் தீயிட்டு வெளியேறினர். காவலர் இன்றித் திறந்து கிடந்த அந்த மாளிகையும் ஊரோடு அழிந்தது.

சிறுவயலிலிருந்து காளையார்கோயிலுக்கு அடர்ந்த முட்காட்டின் ஊடே பாதை வெட்டும் பணி தொடங்கியது. நாள்தோறும் வேலையாட்கள் மரங்களை வெட்ட, சிப்பாய்கள் காவல் நிற்பர். காட்டுக்குள்ளிருந்து தாக்குதல் தொடர்ந்துகொண்டே இருக்கும். வெட்டிய பாதையும் சில நாட்களில் தடுக்கப்படும். வரிசையாக நின்று சுடும் முறைக்கு இந்தக் காட்டில் இடமில்லை. ஒரு மாதம் உழைத்தும் காளையார்கோயிலை எட்ட முடியாமல் நோயாலும் இழப்பாலும் களைத்த படை செப்டம்பர் தொடக்கத்தில் முயற்சியைக் கைவிட்டது. நவீனப் படை ஒன்றை ஒரு மாதம் தடுத்து நிறுத்தியது இப்போரில் மருது தரப்பின் பெரிய வெற்றி எனலாம்.

அக்னியூ பின்னர் வேறு வழியைக் கையாண்டார். அரச மரபைச் சேர்ந்த படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரைச் சோழபுரத்தில் சிவகங்கையின் உரிமையாளராக அறிவித்தார். மருது சகோதரர்கள் அரச குடும்பத்தினர் அல்லர் என்பது எப்போதும் அவர்களுடைய பலவீனமாக இருந்தது. அறிவிப்புக்குப் பின் அவர்களுடைய ஆதரவாளர்களில் பலர் விலகினர். ஒரு மாதம் கோடரியால் ஆகாததை ஒரு முடிசூட்டு விழா செய்து முடித்தது. 1801 அக்டோபர் 1 அன்று மூன்று பிரிவுகளாக முன்னேறிய படை காளையார்கோயிலைக் கைப்பற்றியது.

இறப்பு

சகோதரர்கள் சோழபுரத்தை ஒட்டிய காடுகளில் மறைந்திருந்தனர். அக்டோபரில் பிடிபட்டனர். பிடிபட்டபோது சின்ன மருதுவின் தொடை எலும்பு முறிந்திருந்தது. தமக்கு வளரி கற்பித்தவரைக் காயத்தோடு சிறையில் வாடும் நிலையில் வெல்சு கண்டார். பின்னர் தூக்குமரத்திலும் கண்டார். காட்டு விலங்கைப் போல அவரைத் தேடித் துரத்திய படையில் தாமும் இருந்ததை மறைக்காமல் எழுதியுள்ளார்.

1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூர்க் கோட்டையில் சகோதரர் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுடைய குடும்பத்தினரும் வீரர்கள் பலரும் அவ்வாறே கொல்லப்பட்டனர். அவர்களுடைய தலைகள் அவர்கள் விருப்பப்படி காளையார்கோயில் கோபுரத்துக்கு எதிரே அடக்கம் செய்யப்பட்டதாக மரபு கூறுகிறது. ஊமைத்துரை நவம்பர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார்.

சின்ன மருதுவின் மகன் துரைசாமி அப்போது ஏறத்தாழ பதினைந்து வயதுச் சிறுவன். தூக்குத் தண்டனையிலிருந்து தப்பிய அவர் 1802 பிப்ரவரியில் எழுபதுக்கும் மேற்பட்டோருடன் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். 1818 இல் அங்குச் சென்ற வெல்சு, தம்மைத் தேடி வந்த ஒருவர் இன்னார் என அறியாமல் விழித்தார். முதுமைத் தோற்றம் கொண்டிருந்த அம்மனிதர் துரைசாமி. அப்போது அவருக்கு முப்பதைச் சற்றே தாண்டிய வயது.

ஆயுத ஒழிப்பு

போர் முடிந்ததும் ஆளுநர் எட்வர்டு கிளைவு 1801 டிசம்பரில் வெளியிட்ட அறிவிப்பு பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கவும், மக்களிடமுள்ள துப்பாக்கிகளையும் ஈட்டிகளையும் ஒப்படைக்கவும் ஆணையிட்டது. மீறுவோருக்குக் கடும் தண்டனை விதிக்கப்பட்டது. இதன் விளைவாகக் குண்டு வார்க்கும் அச்சும் மருந்து இடிக்கும் உரலும் ஊர்ப்புறத்தில் மதிப்பிழந்தன. வளரியைத் தனியே பெயர் சொல்லித் தடை செய்தனர் எனப் பலர் எழுதுகின்றனர். அவ்வறிவிப்பு முதன்மையாகத் துப்பாக்கி, ஈட்டி ஆகியவற்றைக் குறித்தே அமைந்தது. ஆயினும் படைகள் கலைக்கப்பட்ட பின் வளரி கற்பதற்கான தேவையே இல்லாமற்போனது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1909 இல் எட்கர் தர்சுடன் தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றிய நூல்களை வெளியிட்டபோது, வளரி பெரும்பாலும் கள்ளர் திருமணச் சடங்கில் மாற்றிக்கொள்ளும் பொருளாகவும் அருங்காட்சியகப் பொருளாகவுமே எஞ்சியிருந்தது.

நினைவு

கவிஞர் கண்ணதாசன் தயாரித்து எழுதிய சிவகங்கைச் சீமை (1959) என்னும் திரைப்படம் மருது சகோதரர்களின் வரலாற்றைக் கூறுகிறது. கண்ணதாசன் காரைக்குடிக்கு அருகிலுள்ள சிறுகூடல்பட்டியில் பிறந்தவர். இந்திய அஞ்சல் துறை 2004 அக்டோபர் 24 அன்று சகோதரர்களின் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. திருப்பத்தூரில் அக்டோபர் 24 அன்றும் காளையார்கோயிலில் அக்டோபர் 27 அன்றும் ஆண்டுதோறும் நினைவுநாள் அனுசரிக்கப்படுகிறது. மரத்தாலும் தந்தத்தாலும் ஆன பழைய வளரிகளைச் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் தொகுப்பில் காணலாம்.